இரண்டாம் எண்ணுக்கு வைத்த பெயர்

“ஹெப்சிக்கா, ஸ்நேகா யாரு? நம்ம டீம்ல புதுசா சேந்திருக்காங்களா?”

காலை மீட்டிங்கில் டெனிஸ் இப்படிக் கேட்டபோது ஹெப்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மாடம்பாக்கம் வீட்டின் உள் அறையில், ஜன்னலோரம் போட்ட மேசையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எந்த ஸ்நேகா?”

“பில்ட் லிஸ்ட்ல இருக்காங்களே. ஜூன்லேர்ந்து அறுபத்தோரு பில்ட். எல்லாம் ‘ஸ்நேகா’ங்கிற மெஷின்ல ஓடியிருக்கு. ஆனா போட்டது உங்க லாகின்.”

ஹெப்சியின் கம்பெனி ரத்தப் பரிசோதனை இயந்திரங்களுக்கு மென்பொருள் செய்தது. பத்துப் பேர் எழுதியதை ஒன்றாகச் சேர்த்து, ஓடக்கூடிய ஒரு முழு மென்பொருளாகக் கட்டுவதற்கு பில்ட் என்று பெயர். அந்தக் கட்டும் வேலையைச் செய்யும் ஸ்கிரிப்டுகள் ஹெப்சியின் பொறுப்பு. நாளைக்கு எங்காவது ஒரு லேபில் தவறான முடிவு வந்தால், அந்த மென்பொருள் எந்தக் கணினியில் கட்டப்பட்டது என்று தேட வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பில்டிலும் கட்டிய கணினியின் பெயர் பதிவாக வேண்டும்.

எல்லாக் கணினியிடமும் ஒரே மாதிரி பெயர் கேட்க முடியாது. விண்டோஸில் ஒரு வழி, மேக்கில் ஒரு வழி, லினக்ஸில் இன்னொன்று. சில கணினிகளில் பெயர் சொல்லும் கட்டளையே இருக்காது. ஆகவே ஹெப்சியின் ஸ்கிரிப்ட் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வழிகளில் கேட்கும். முதலில் வரும் பதிலை எழுதிக்கொள்ளும். மூன்று வருடமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

மீட்டிங் முடிந்ததும் அவள் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, லாப்டாப்பிடமே நேரடியாகப் பெயரைக் கேட்டாள். ஸ்நேகா என்றது. அடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தாள். பில்ட்-07 என்று இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவள் பெருங்குடி ஆபீசுக்குப் போவது. அங்கே போய் அதே கேள்வியைக் கேட்டாள். பில்ட்-07 என்று பதில் வந்தது. மாலை வீட்டுக்கு வந்து கேட்டாள். ஸ்நேகா.

பள்ளியிலிருந்து வந்து லுங்கிக்கு மாறிக்கொண்டிருந்த அவள் கணவன் மெர்வின், “வைரஸா இருக்கும்” என்றான். அவன் சேலையூரில் ஒரு பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார்.

வைரஸ் இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஹெப்சி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் லாப்டாப்புக்கு யாரும் நிலையான பெயர் வைக்கவில்லை. அப்படிப்பட்ட கணினி, ஒரு வைஃபையில் சேரும்போது, எனக்கு இங்கே என்ன பெயர் என்று ரூட்டரைக் கேட்கும். ரூட்டர் சொல்வதை நம்பி அதையே தன் பெயராக வைத்துக்கொள்ளும். இந்த வீட்டு ரூட்டர், சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுத்தது. இரண்டாம் எண் யாருக்குக் கிடைக்கிறதோ அதன் பெயர் ஸ்நேகா என்று யாரோ உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். ஹெப்சியின் லாப்டாப்புக்குக் கிடைத்தது இரண்டாம் எண்.

ரூட்டர் வீட்டோடு வந்தது. ஜூனில் குடிவந்தபோது, “நெட் கனெக்ஷன் இருக்கும்மா, நீங்க தனியா போட வேண்டாம்” என்று வீட்டுக்காரர் பத்ரிநாராயணன் சொல்லியிருந்தார். கெமிஸ்ட்ரி லெக்சரராக இருந்து ரிட்டயர் ஆனவர். நங்கநல்லூரில் தங்கை சாவித்ரி வீட்டில் இருந்தார். ஹெப்சி அவருக்கு போன் செய்தாள்.

“சார், ரூட்டர் பாஸ்வேர்டு வேணும். உள்ள ‘ஸ்நேகா’ன்னு ஒரு பேர் இருக்கு, அதை எடுக்கணும்.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹெப்சி போனைப் பார்த்தாள்.

“எடுத்துடாதீங்கோ. நான் நேர்ல வரேன்” என்றார்.

*

மறுநாள் ஒன்பதே காலுக்கு அவர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. நாற்காலியில் உட்காராமலே கேட்டார்.

“நீங்க தினமும் ஒம்போதரைக்குத்தான் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுவேளா?”

“ஆமா சார். எப்படித் தெரியும்?”

அவர் தன் போனை நீட்டினார். ரூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆப் அதில் இருந்தது. யார் வைஃபையில் சேர்ந்தாலும் அது செய்தி அனுப்பும். ஹெப்சி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஸ்நேகா இணைந்தது, 9:31. ஸ்நேகா விலகியது, 6:04. ஸ்நேகா இணைந்தது, 9:29. புதன்கிழமையும் விடுமுறை நாட்களும் தவிர, ஜூன் வரை அப்படியே போயிற்று.

“எம் பொண்ணும்மா. ரூட்டர் வாங்கி வச்சவ அவதான். இந்த ஆப்பையும் அவதான் என் போன்ல போட்டுக் குடுத்தா.”

மூன்று வருடத்துக்கு முன்னால், அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை காலை, லாப்டாப் பையும் டிபன் டப்பாவும் எடுத்துக்கொண்டு ஸ்நேகா ஷேர் ஆட்டோ ஏறிப் போனாள். சோழிங்கநல்லூரில் ஆபீஸ். அங்கே அவள் போய்ச் சேரவில்லை. பத்து மணிக்கு போன் அணைந்தது. சண்டையில்லை, கடிதமில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார், பேப்பரில் படம் போட்டார், வேளச்சேரியிலிருந்து வண்டலூர் வரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார். இருபத்தாறு வயதுப் பெண் போன இடம் தெரியவில்லை. மனைவி முன்பே காலமாகிவிட்டிருந்தாள். தனியாக இந்த வீட்டில் இருக்க முடியாமல் தங்கை வீட்டுக்குப் போனார்.

“உங்களுக்கு வீடு விட்ட மறுநாள் இந்த மெசேஜ் வந்தது. சேர்லேர்ந்து எழுந்துட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, குடிவந்தவா யாரோ கம்ப்யூட்டர் போட்டிருக்கான்னு. புரிஞ்சாலும் தினமும் காலம்பற ஒம்போதரைக்குப் போனை வச்சுண்டு உக்காந்துடுவேன். வந்துட்டாள்னு பார்த்துட்டுத்தான் காபி.”

நான்கு மாதமாகத் தான் போட்டு அணைத்த ஒவ்வொரு முறையும் ஒருவர் நங்கநல்லூரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். முதுகு கூசியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது கோபம் வரவில்லை.

“என் லாப்டாப்புக்கு நான் நிலையா ஒரு பேர் வச்சுக்கிறேன் சார். ரூட்டர்ல இருக்கிறதைத் தொடல, அது என் எண்ணை ஸ்நேகான்னேதான் சொல்லும். உங்களுக்கு மெசேஜ் வந்துட்டே இருக்கும்.”

அவர் தலையாட்டினார். கிளம்பும்போது ரூட்டர் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். உள் அறையின் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். உள்ளே போகவில்லை.

அன்றே ஹெப்சி லாப்டாப்புக்குப் பில்ட்-07 என்ற பெயரை நிரந்தரமாக வைத்தாள். ஸ்கிரிப்டையும் மாற்றினாள்: முதலில் கணினிக்குள் எழுதிவைத்த பெயரைப் பார், அது இல்லாவிட்டால் மட்டும் மற்ற வழிகளில் கேள். டெனிஸின் பட்டியலில் அதன்பின் ஸ்நேகா வரவில்லை.

*

அடுத்த புதன்கிழமை மாலை, பெருங்குடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பத்ரிநாராயணன் கூப்பிட்டார்.

“புதன்கிழமை எப்பவும் வராதே, இன்னிக்கு லேட்டா ஆன் பண்ணினேளாம்மா? பதினொண்ணு பத்துக்குத்தான் வந்தது. நாப்பதே நிமிஷம்.”

லாப்டாப் ஹெப்சியின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அவளோடுதான் இருந்தது. மெர்வின் பள்ளியில். வீடு பூட்டியிருந்தது.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு சொன்னாள். “சார், நான் இன்னிக்கு ஆபீஸ்ல இருந்தேன். வீட்ல யாருமே இல்ல.”



வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தாள். 11:10-க்கு ஒரு கருவி இணைந்திருந்தது. தன் லாப்டாப் இல்லாததால் காலியாயிருந்த இரண்டாம் எண் அதற்குக் கிடைத்திருக்கிறது. சிக்னல் ஒரே ஒரு கோடு.

“பக்கத்து வீட்டுப் பசங்க யாராவது இருக்கும் ஹெப்சி. அந்தப் பொண்ணு பாஸ்வேர்டு குடுத்திருக்கும்” என்றான் மெர்வின்.

அதுவும் நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் பிறக்கும்போதே பொறித்த ஓர் எண் உண்டு. பெயரை மாற்றலாம், அதை யாரும் சாதாரணமாக மாற்றுவதில்லை. வந்துபோன கருவியின் எண்ணை ரூட்டர் குறித்து வைத்திருந்தது. ஹெப்சி மறுபடி போன் செய்தாள்.

“சார், ஸ்நேகாவோட லாப்டாப் வாங்கின அட்டைப்பெட்டி இருக்கா? அதுல ஸ்டிக்கர்ல வைஃபைன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கும்.”

பெட்டி இருந்தது. பரணிலிருந்து இறக்குவதும், சாவித்ரி டார்ச் அடிப்பதும் கேட்டது. அவர் படித்தார். இரண்டு இரண்டு எழுத்தாகப் படித்தார். ஹெப்சி திரையில் விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். ஆறு ஜோடி. ஐந்தாவது ஜோடி வரை எல்லாம் பொருந்தின.

“கடைசி என்ன சார்?”

“மூணு, எஃப்.”

திரையில் 3F என்று இருந்தது.

*

பத்ரிநாராயணன் முதல் காரியமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு, எதிர்வீட்டு கேமராவைப் பாருங்கள் என்றார்கள். எதிர்வீட்டில் மெட்டில்டா டீச்சர். ரிட்டயர் ஆன பிறகு மகன் வைத்துக்கொடுத்த கேமரா ஹெப்சி வீட்டுக் கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஹெப்சி, மெர்வின், பத்ரிநாராயணன், டீச்சர் என்று நான்கு பேருமாக உட்கார்ந்து புதன்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஓட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கேன் வண்டி போயிற்று. கீரை விற்கும் எல்லம்மா கூடையோடு கேட்டுக்கு எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். வேறு யாரும் வரவில்லை, நிற்கவில்லை.

ஹெப்சி மறுநாள் கீரைக்காரியை நிறுத்திக் கேட்டாள்.

“யாரும் வரலம்மா. நா இங்கதான் குந்திகினு இருந்தேன்.” எல்லம்மா கூடையை இறக்கி வைத்தாள். “ஒரு பொண்ணு அரக்கீரை கீதான்னு கேட்ட மாறி இருந்துச்சு. முதுவு பக்கமா. கீதும்மான்னு சொல்லி கட்டைத் தூக்கினு திரும்புனேன். யாரையும் காணோம். வெயிலு, காது அடச்சிருக்கும்னு வுட்டுட்டேன். இன்னாத்துக்குக் கேக்கறே?”

ஹெப்சி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு கட்டு அரைக்கீரை வாங்கினாள். அதை ஆய்ந்து சமைக்க மனம் வரவில்லை.

மெர்வின் வீட்டை மாற்றிவிடலாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போதும் அதையே சொன்னான். “அட்வான்ஸ் கிடைக்கட்டும், கிடைக்காமப் போகட்டும். பகல் பூரா நீ தனியா இருக்கே.”

“இன்னும் ஒரு புதன் பார்த்துடறேன்.”

“எதுக்கு?”

“அந்தப் பொண்ணு உயிரோட இருந்தா?”



*

அந்தப் புதன்கிழமை ஹெப்சி லீவு போட்டாள். லாப்டாப்பை அணைத்துப் பைக்குள் வைத்தாள். இரண்டாம் எண் காலியாயிற்று. முந்தின நாளே போனை எடுத்துக்கொண்டு நடந்து சிக்னலை அளந்து வைத்திருந்தாள். தெருமுனையில் ஒரு கோடு. கேட்டருகே இரண்டு. ஹாலில் மூன்று. ரூட்டர் இருக்கும் உள் அறையில் நான்கு.

பத்ரிநாராயணன் பத்து மணிக்கே வந்துவிட்டார். இருவரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். ஏர்ஃபோர்ஸ் பயிற்சி விமானம் ஒன்று மேலே வட்டமடித்துவிட்டுப் போயிற்று. அதன்பின் தெரு அமைதியாகிவிட்டது. ஹெப்சி ரூட்டரின் பக்கத்தைப் போனில் திறந்து மடியில் வைத்திருந்தாள்.

பதினொன்று பத்துக்கு அந்தப் பெயர் வந்தது. ஒரு கோடு.

“சார்.”

அவர் எழுந்து ஓடினார். செருப்பில்லாமல் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

“யாரும் இல்லையேம்மா.”

“சார், ரெண்டு கோடு.”

அவர் கேட்டருகேதான் நின்றுகொண்டிருந்தார். தன்னைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். கேட்டை மூடக் கையெடுத்தவர் மூடவில்லை. அகலத் திறந்துவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

மூன்று கோடு ஆனபோது ஹெப்சி சோபாவில் கால்களை மேலே இழுத்துக்கொண்டாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் அசையவில்லை. அவளும் அவரும் தவிர ஹாலில் எவருமில்லை. பிறகு நான்காவது கோடும் நிரம்பியது. உள் அறையில் ரூட்டரின் விளக்கு படபடவென்று சிமிட்டுவது கதவிடுக்கில் தெரிந்தது.

“என்ன பண்றது அது?” என்று அவர் கிசுகிசுத்தார்.

கருவிகள் கேட்கும் கேள்விகளை ரூட்டர் பதிவு செய்யும். ஹெப்சி அந்தப் பட்டியலைத் திறந்தாள். சாதாரண லாப்டாப்பாக இருந்தால் மெயில், வீடியோ, செய்தி என்று நூறு இடங்களைக் கேட்டிருக்கும். இது ஒரே கேள்வியைத்தான் கேட்டது. இரண்டாம் எண்ணின் பெயர் என்ன? அவள் லாப்டாப் வைஃபையில் சேரும்போது ஒரே ஒரு முறை கேட்டு நிறுத்திவிடும் கேள்வி. இது நொடிக்கு ஒரு முறை கேட்டது. ரூட்டர் ஒவ்வொரு முறையும் ஸ்நேகா என்று சொன்னது. அடுத்த நொடி மறுபடி கேட்டது.

“தன்னோட பேர் என்னன்னு கேக்குது சார். திரும்பத் திரும்ப அதையேதான் கேக்குது.”

“ரூட்டர் சொல்றதோல்லியோ?”

“சொல்லுது. ஆனா விடாம கேக்குது.”

பத்ரிநாராயணன் உள் அறை வாசலுக்குப் போனார். மூன்று வருடமாக அவர் தாண்டாத வாசல். இன்றும் தாண்டவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஹெப்சியின் மேசை, காலி நாற்காலி, ஜன்னல் வெளிச்சம்.

“ஸ்நேகா” என்றார். மறுபடி சொன்னார். “ஸ்நேகா. உன் பேர் ஸ்நேகா. பத்ரிநாராயணன் பொண்ணு. மாடம்பாக்கத்துல இருக்கே. இது உன் ரூம்.”

ஹெப்சி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல் தயங்கியது. ஐந்து நொடிக்கு ஒரு கேள்வியாயிற்று. அரை நிமிடத்துக்கு ஒன்றாயிற்று. அப்புறம் கேள்வியே வரவில்லை. கோடுகள் மட்டும் நான்காகவே இருந்தன.

அவர் நிலையோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“சாப்டியாம்மா?” என்று கேட்டார்.

அதன்பின் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆனது, ஸ்கூட்டரை விற்றது, ஆபீசிலிருந்து அவள் சிநேகிதிகள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனது. நடுநடுவே பதிலுக்குக் காத்திருப்பவர் போல நிறுத்தினார். ஹெப்சிக்கு அழுகை வந்தது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்தாள். வழி ஹால் நடுவே போகிறது. அந்த வழியாக நடக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

பதினொன்று நாற்பத்தெட்டுக்கு நான்காவது கோடு அணைந்தது. அப்போது ஹெப்சி ஒருவழியாகத் துணிந்து, தண்ணீர் குடிக்க எழுந்து ஹாலில் நின்றிருந்தாள். என்ன செய்கிறோம் என்று நினைக்காமலே நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள், வழி விடுவது போல. மூன்று, இரண்டு ஆயிற்று. திறந்த கேட்டுக்கு அப்பால் தெரு வெயிலில் பளீரென்று கிடந்தது. ஒன்று ஆயிற்று. பெயர் மறைந்தது.

*

அன்று மாலை மெர்வினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் அவளை அந்த அறையில் உட்கார விடவில்லை. வீட்டை மாற்றும் பேச்சை அவர்கள் எடுக்குமுன் பத்ரிநாராயணனே போன் செய்தார். தப்பாக நினைக்க வேண்டாம், நான் அங்கேயே வந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன், நிதானமாக வேறு வீடு பாருங்கள் என்றார். அடுத்த மாதமே சேலையூரில் மாடி வீடு ஒன்று கிடைத்தது. சாமான்களை ஏற்றும் நாளில் அவர் வந்து ரூட்டரைத் தானே துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

கிறிஸ்துமஸ் கேக் கொடுக்க ஹெப்சி ஒரு முறை போக நினைத்தாள். கேம்ப் ரோடு வரை வந்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற மனமில்லாமல் திரும்பிவிட்டாள். ஜனவரியில் போன் மட்டும் செய்தாள்.

“போலீஸ்ல ஏதாவது சொன்னாங்களா சார்?”

“வந்த தேதியெல்லாம் எழுதிக் குடுத்திருக்கேன். பார்க்கறோம்னா.”

“அது வருதா?”

“ஏழு புதன் வந்தது. தெருமுனை, கேட்டெல்லாம் இல்லை, நேரா ரூமுக்கே வந்துடும். கேள்வி ஒண்ணும் கேக்கறதில்லை. சும்மா இருந்துட்டுப் போயிடும். இப்ப மூணு வாரமா வரலை.”

ஹெப்சி தயங்கிவிட்டுக் கேட்டாள். “தனியா இருக்கீங்களே, பயமா இல்லையா சார்?”

“முதல் வாரம் பயமாத்தான் இருந்தது. அப்புறம் பழகிப்போச்சு. புதன்னா சீக்கிரமே குளிச்சுட்டு உக்காந்துடுவேன்.” பின்னால் குக்கர் விசில் அடித்தது. “நாளைக்கும் பார்ப்பேன். அடுப்புல சாதம் வச்சிருக்கேன்மா, போனை வச்சுடட்டுமா?”

“சரி சார்” என்றாள் ஹெப்சி.